அக்காவின் ஆள்காட்டி விரல்

அக்காவின் ரத்தத்தில் நோய் இருப்பது அவளுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. பெருமாள் கோயில் பக்கத்துத் தெருக்களில் பாதிப் பேருடைய ரத்தம் என் கையைத் தாண்டித்தான் போகும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தம் போதவில்லை என்று எல்லாம் தெரியும். தெருவில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்பேன். பிறத்தியார் ரத்தம் என்றால் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த குழாயை எடுப்பேன். அன்றைக்கு அப்படி முடியவில்லை.

சி.ஆர்.பி. என்று ஒரு சோதனை. எங்களுடையது சின்ன லேப் என்பதால் பழைய முறைதான். ரத்தத்தைச் சுழலவிட்டால் மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்கும். அதில் ஒரு சொட்டைக் கறுப்புச் சிலைடில் வைத்து, பக்கத்தில் பால் போல இருக்கும் மருந்து ஒரு சொட்டு விட்டு, குச்சியால் கலக்கிவிட்டு, சிலைடை இப்படியும் அப்படியும் மெல்லச் சாய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் அது பாலாகவே இருக்கும். எங்கேயாவது அழற்சி இருந்தால் திரிந்த பால் மாதிரி துகள் துகளாகப் பிரியும்.

அக்காவுடையது சிலைடைக் கையில் எடுத்ததுமே திரிந்தது. மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று புதுப் புட்டியை உடைத்தேன். அதுவும் திரிந்தது. முடக்குவாதத்துக்கென்று இருக்கும் இன்னொரு சோதனையையும் அதே சிலைடில் பக்கத்து வட்டத்தில் செய்து பார்த்தேன். கேட்க வேண்டுமா, அதுவும் திரிந்தது. நான் பயந்தாங்கொள்ளி. சின்ன வயதில் இடி இடித்தால் அக்காவின் தாவணிக்குள் போய் ஒளிந்துகொள்வேன். இப்போது ஒளிய இடம் இல்லாமல் சிலைடைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு வேலை பாவு பிணைப்பது, அதாவது தறியின் நீளவாக்கு இழைகளைச் சேர்ப்பது. பட்டுத் தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், பழைய பாவின் வால் தறியிலேயே நிற்கும். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்தப் பழைய இழை ஒவ்வொன்றோடும் சேர்த்து முறுக்க வேண்டும். முடிச்சு கிடையாது. சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரே ஒரு உருட்டு. ஆயிரக்கணக்கான இழைகள். கண்ணுக்குத் தெரியாத அந்த இழையை அவள் விரல்தான் பார்க்கும். ஓரிக்கையில் அவள் இருக்கும் தெருவிலும் அதற்கு அடுத்த இரண்டு தெருக்களிலும் எந்தத் தறியில் பாவு முடிந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு இருக்கும் சொத்து அந்த இரண்டு விரல்தான். நோய் பிடித்ததும் அங்கேதான்.

முதலில் யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் தெருவே சிக்குன்குனியா காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தது. எல்லாரும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். அக்காவும் அதே கணக்கில் சேர்ந்துகொண்டாள். மற்றவர்களுக்கெல்லாம் தை பிறந்ததும் வலி போனது. இவளுக்குப் போகவில்லை. காலையில் எழுந்தால் கை விரல்கள் மடங்காது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தாள். பத்து மணிக்கு மேல் வேலை செய்யச் செய்ய விரல் விட்டுக்கொடுக்கும். "குந்திக்கினு இருந்தாதான்டி வலி, வேல செஞ்சா போயிடுது" என்று அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து, முன்னைவிட அதிகமாகப் பாவு பிணைத்தாள். இரண்டு கையிலும் விரல் முட்டிகள் ஒரே மாதிரி வீங்கியிருப்பதைப் பார்த்த பிறகுதான் வலுக்கட்டாயமாக ரத்தம் எடுத்தேன்.

சென்னையிலிருந்து வாரம் ஒருமுறை வந்துபோகும் மூட்டு டாக்டர் அம்மா ஒருவர் இருந்தார். அக்காவை அவரிடம் அழைத்துப் போனேன். அவர் அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தும்போது அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிக்க முயன்றேன். அது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்கே சகிக்கவில்லை.

"இது சிக்குன்குனியா இல்லம்மா. உங்க உடம்போட காவலே உங்க மூட்டத் தாக்குது" என்றார் டாக்டர்.

"நான் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலியே மேடம்" என்றாள் அக்கா.

டாக்டர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "உங்க தெருவுல நாய் இருக்குதா?" என்று கேட்டார்.

"அதுக்கு இன்னா பஞ்சம், மேடம்."

"திருடன் வந்தா முதல்ல ஒரு நாய் குரைக்கும். அதக் கேட்டு அடுத்தது குரைக்கும். திருடன் ஓடிப்போனப்புறமும் ஒண்ண ஒண்ணு கேட்டுக் குரைச்சிக்கிட்டே இருக்குமில்ல, அதான் உங்க மூட்டுக்குள்ள நடக்குது."

அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் திரும்பப் போய்க் கேட்டேன். நான் லேப்பில் இருப்பவள் என்று தெரிந்ததும் டாக்டர் விரிவாகவே சொன்னார். அன்றைக்குக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

நம் உடம்பில் பிறக்கும்போதே கூட வந்த காவல் ஒன்று இருக்கிறது. எந்தக் கிருமியையும் முன்னால் பார்த்துப் பழகியிருக்க வேண்டியதில்லை, அந்நியம் என்று பட்டால் உடனே கத்தும். கத்துவதற்கு அதனிடம் குரல் இல்லை, மூலக்கூறுகள் இருக்கின்றன. சைட்டோகைன் என்று பெயர். டி.என்.எஃப்., இன்டர்லூகின் ஒன்று, இன்டர்லூகின் ஆறு என்று டாக்டர் மூன்றைச் சொன்னார். ஒரு செல் அதை வெளியே விட்டால் பக்கத்துச் செல் விழித்துக்கொண்டு தானும் விடும். மூட்டைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு அதைக் கேட்டு வீங்கித் தடிக்கும். அந்தச் சண்டையில் சொந்தச் செல்கள் உடையும். இனிமேல்தான் நான் பயந்த இடம். உடைந்த சொந்தச் செல்லின் துணுக்கையும் அந்தக் காவல் கிருமி என்றே எடுத்துக்கொள்ளும். மறுபடி கத்தும். மறுபடி உடையும். கிருமியே தேவையில்லை. உடைந்ததே உடைவதற்குக் காரணம் ஆகிவிடுகிறது. போதாததற்கு அதே மூலக்கூறுகள் எலும்பைத் தின்னும் செல்களையும் எழுப்பிவிடும்.

"விடியற்காலைலதான் இதுங்க ரத்தத்துல ஜாஸ்தியா இருக்கும். அதான் காலைல விரல் மடங்கல" என்றார். இன்டர்லூகின் ஆறு கல்லீரல் வரைக்கும் போய்ச் சேதி சொல்லும். அதைக் கேட்டுக் கல்லீரல் செய்து அனுப்புவதுதான் சி.ஆர்.பி. அதாவது இத்தனை வருடமாக என் கறுப்புச் சிலைடில் நான் பார்த்துக்கொண்டிருந்தது குரைப்பு அல்ல, எங்கோ குரைக்கிறது என்று கல்லீரல் அனுப்பிய பதில். இது தெரியாமலேயே எத்தனை பேருக்குப் பாசிட்டிவ் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எழுந்து வரும்போது கேட்டேன். "இது கூடப் பொறந்தவங்களுக்கும் வருமா மேடம்?"

"வரணும்னு இல்ல. மத்தவங்களவிட வாய்ப்பு கொஞ்சம் அதிகம்."

அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் நான் செய்யும் முதல் காரியம், போர்வைக்குள்ளேயே இரண்டு கையையும் மூடிப் பார்ப்பது. மூடினால்தான் எழுந்து வாசல் தெளிக்கப் போவேன்.

அக்காவுக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதினார்கள். வாரம் ஒரே ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை என்று டாக்டரே கிழமையைக் குறித்தார். "தினமும் போட்டுடாதீங்க, உயிருக்கே ஆபத்து" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை தாங்குவதற்குக் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு. அந்தக் கொஞ்ச நாளும் சொர்க்கமாக இருந்தது. அக்காவின் விரல் மடங்கியது, முகம் பூரித்தது, தெருவில் எல்லாரும் தேறிட்டியே என்றார்கள். பிறகு டாக்டர் ஸ்டீராய்டைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார். நோயும் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

மாதா மாதம் ரத்தம் எடுத்தேன். சிலைடு ஒவ்வொரு முறையும் திரிந்தது. ஈ.எஸ்.ஆர். குழாயில் ரத்தத்தை நிறுத்திவைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்போம், சிவப்பு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று. அக்காவுடையதை வைத்துவிட்டு வேறு வேலை செய்ய முடியாமல் அதன் எதிரிலேயே நின்றிருக்கிறேன். அழற்சி இருந்தால் சீக்கிரம் இறங்கும், அவளுடையது சரசரவென்று இறங்கும். இந்த மருந்து கல்லீரலைக் கெடுக்கக்கூடும் என்பதால் அதையும் சோதிப்போம். அது மட்டும் பச்சைக் குழந்தையின் கல்லீரல் மாதிரி சுத்தமாக இருந்தது. அந்த ஒன்றுக்காகவாவது சந்தோஷப்பட்டேன், மடச்சி.

டாக்டர் அளவைக் கூட்டினார். பயன் இல்லை. "ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டார். "போடறேன் மேடம்" என்றாள் அக்கா. எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது ஆள்காட்டி விரலின் அடி மூட்டில் எலும்பின் ஓரம் எலி கொறித்தது போல இருந்தது. அங்கே விரல் லேசாகச் சுண்டு விரல் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. கட்டை விரலோடு சேர்த்து இழையை உருட்டினால் இழை நழுவியது. ஒரு தறியில் அவள் பிணைத்த பாவு நாலைந்து இடத்தில் விட்டுவிட்டது. அந்த வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பாவுக்கு வேறு ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

இனி ஊசிதான் வழி என்றார் டாக்டர். டி.என்.எஃப்.ஐ மட்டும் பிடித்துக் கட்டிப்போடும் ஊசி. ஆனால் அதைக் கட்டிப்போட்டால் நுரையீரலில் எப்போதோ தூங்கிப்போன காசநோய் விழித்துக்கொள்ளலாம். அதனால் முதலில் அதற்குச் சோதனை. குரைத்தாலும் கஷ்டம், குரைக்காவிட்டால் திருடன். எனக்குச் சோறு இறங்கவில்லை. முசரவாக்கத்தில் என் வீட்டில் என் கணவர் தொலைக்காட்சி பார்த்துச் சிரித்தால்கூட எரிந்து விழுந்தேன்.

அந்தக் காசநோய்ச் சோதனைக்கு ரத்தம் எடுக்கத்தான் அன்று காலை லேப்புக்குப் போகும் வழியில் ஓரிக்கையில் இறங்கினேன். தெரு அமைதியாக இருந்தது. மற்ற நாட்களில் அந்தத் தெருவில் தறிச் சத்தத்தைத் தாண்டிப் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். அக்கா இட்லி சாப்பிட்டுவிட்டுத் தட்டின் ஓரத்தில் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மெத்தோட்ரெக்சேட். அட்டையைப் பார்த்ததுமே தெரிந்தது.

"இன்னாக்கா இது? இன்னைக்கு புதன்கிழமை."

"அமாவாசைடி."

"அமாவாசைக்கும் மாத்திரைக்கும் இன்னா சம்பந்தம்?"

அவள் மாத்திரைகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "இன்னைக்குத்தான தறிக்கு லீவு."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டருக்கும் எனக்கும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. நெசவுத் தெருவில் ஞாயிறு என்பது இன்னொரு வேலை நாள். அமாவாசையன்றுதான் தறியில் யாரும் உட்கார மாட்டார்கள்.

"அப்போ போன ஞாயித்துக்கெழம?"

"போடல."

"அதுக்கு முன்ன?"

"போன அமாவாசைக்குப் போட்டேனே. ஒண்ணும் உடல, அமாவாசைக்கு அமாவாசை கரெக்டா போட்டுக்கினுதான் வர்றேன்."

வாரம் ஒரு முறை போட வேண்டிய மருந்து. அத்தனை மாதமாக அந்த நாய்கள் குரைத்த குரைப்பில் பாதிக்கு மேல் யாருமே அதட்டாத குரைப்பு. மருந்து தோற்றது என்று டாக்டர் அளவைக் கூட்டியதும், ஊசிக்குத் தயாரானதும், கல்லீரல் சுத்தமாக இருந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான். நான் கத்தினேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே, உனக்குக் காது இல்லையா, விரலு போச்சே, விரலு போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அக்கா தட்டைக் கழுவிவிட்டு வந்தாள். "அதப் போட்டா அன்னிக்குப் பூரா தல சுத்திக்கினு, வாந்தி வர்ற மாதிரியே இருக்குது. ஞாயித்துக்கெழம பாவு முடிஞ்சிதுன்னு கூப்பிடுவாங்க. வர முடியாதுன்னா தறி சும்மா நிக்குமா? வேற ஒருத்திய கூப்பிடுவாங்க. அப்புறம் அந்தத் தறிக்கு அவ கைதான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மெடிக்கல்ல அந்த ஆளு, இது கேன்சருக்குக் குடுக்கறதாச்சேன்னான். தினமும் போட்டா உயிரே பூடும்னு டாக்டரம்மாவும் சொன்னாங்க. கம்மியா போட்டா கம்மியாதான ஆபத்துன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்டயா?" அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் கோபம் வந்திருந்தது. "ரிப்போர்ட்டக் கையில வெச்சிக்கினு நீ வர்ற மூஞ்சப் பாத்திருக்கியா? எழவு வூட்டுக்கு வர்ற மாரியே வருவ. உன்னப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்குது. இதுல கேன்சர் மாத்திரன்னு வேற உங்கிட்ட சொன்னா, நீ எனக்கு முன்னாடி போய்ச் சேந்துடுவ."

அவள் பயந்தது பாதி நோய்க்கு, பாதி என் முகத்துக்கு. நான் பயந்தது அவள் விரலைப் பார்த்து. ஒருத்தியை ஒருத்தி பார்த்துத்தான் இத்தனை மாதமும் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். அவளுடைய கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "உங்க லீவு எப்பன்னு நான் கேக்கவே இல்லையேம்மா" என்றார். ஊசியைத் தள்ளிவைத்தார். மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுத்துவிட்டால் பாதி மயக்கம் தூக்கத்திலேயே போய்விடும் என்றார். வாந்திக்கும் மாத்திரை கொடுத்தார். இது கேன்சருக்குக் கொடுக்கும் மருந்துதான், ஆனால் அதற்குக் கொடுப்பது பானை நிறைய, உங்களுக்குக் கொடுப்பது ஒரு கரண்டி என்று அக்காவுக்குப் புரியும்படி சொன்னார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சாயந்திரம் ஓரிக்கைக்குப் போனேன். அக்காவின் கணவரான மாமா ஷேர் ஆட்டோவை ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்காரும்போது நாங்களும் உட்காருவோம். அக்கா மாத்திரை போடுவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். ரிப்போர்ட் எடுத்துப்போகும் நாட்களில் தெருமுனையில் நின்று முகத்தைத் துடைத்துச் சரிசெய்துகொள்வேன். அதுவும் ஒரு வேலையாகத்தான் இருந்தது. சிலைடு உடனே திருந்தவில்லை. துகள் கொஞ்சம் சிறுத்தது, பிறகு இன்னும் சிறுத்தது. ஆடி போய் ஆவணியில் ஒரு நாள் ஆட்டிக்கொண்டே இருந்தேன், பால் பாலாகவே நின்றது. புதுப் புட்டி உடைத்து மறுபடி பார்த்தேன். அப்போதும் பால்தான். லேப்பில் தனியாக நின்று விம்மினேன்.

ஆனால் ஆள்காட்டி விரல் நிமிரவில்லை. கொறித்த எலும்பு திரும்ப வளராது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நாய்கள் தூங்குகின்றன, அவ்வளவுதான். எந்த மூட்டில் எப்போது ஒன்று விழித்துக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நினைப்பு எனக்கு இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை.

புரட்டாசியில், முன்பு பாவு விட்டுப்போன அந்தத் தறி வீட்டுக்காரம்மாவே ஆள் அனுப்பினாள். வேறு கைக்குப் போன தறி திரும்பக் கூப்பிடுவது அதிசயம். அக்காவுக்குப் பதில் கூப்பிட்டவள் ஊருக்குப் போயிருந்தாள், பாவு முடிந்து தறி நின்றுவிட்டது. அன்று எனக்கு விடுமுறை. நானும் கூடப் போய் ஓரமாக உட்கார்ந்தேன். அக்கா சாம்பலைத் தொட்டாள். ஆள்காட்டி விரலை மடக்கி ஒதுக்கிவிட்டு, கட்டை விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவில் இழையை வைத்து உருட்டினாள். எங்கே, எப்போது பழகினாள் என்று தெரியவில்லை. வேகம் இல்லை. மற்றவர்கள் மத்தியானத்தில் முடிப்பதை அவள் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் முடித்தாள்.

பிணைத்த பாவை முன்பக்கம் இழுக்க வேண்டும். சேர்த்த இடம் ஒவ்வொன்றும் சீப்புப் பல் போன்ற அச்சைத் தாண்டி வர வேண்டும். சரியாக முறுக்காத இழை அங்கேதான் அறும். வீட்டுக்காரம்மா மெல்ல இழுத்தாள். நான் அச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சுவிட்டால் அறுந்துவிடும் போல இருந்தது. சாம்பல் பூசிய இழைகள் ஒரு சாம்பல் நிறக் கோடாகச் சேர்ந்து வந்து, அச்சுக்குள் நுழைந்து, இந்தப் பக்கம் வெளியே வந்தன. ஓரமாக ஒரே ஒரு இழை மட்டும் அறுந்தது.

"ஒண்ணுதானே, பரவால்லம்மா" என்றாள் வீட்டுக்காரம்மா. "அடுத்த பாவுக்கும் நீயே வந்துடு."

வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்தோம். அக்கா கையைக்கூடக் கழுவவில்லை. திடீரென்று என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூடு."

"இன்னாத்துக்கு?"

"தெனமும் காலைல மூடி மூடிப் பாக்கறியாம். மாப்ள சொன்னாரு. மூடு பாக்கலாம்."

மூடினேன். மூடியது.

"காலைல?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவள் என் விரல்களைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு கொஞ்ச நேரம் ஆச்சுக்கா. நேத்தும்."

அக்கா தலையை ஆட்டினாள். "சரி. நாளைக்கு உன் ரத்தத்தையும் அந்தப் பால்ல கலந்து பாத்துடு. நானும் கூட வர்றேன்" என்றாள், கடையில் உப்பு வாங்கி வரச் சொல்வது போல. அவள் முகம் மாறவே இல்லை. அந்தச் சாம்பல் விரல்கள் மட்டும் என் கையை இறுக்கிப் பிடித்தன.